எல்லாரும் வீட்டுக்கு வரும் இரவில்: சோறா, தோசையா, பிட்டா, ரொட்டியா?

எங்கள் வீட்டில் தீபாவளி நாள் சாப்பாட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆட்டிறைச்சியும் சோறும் பலகாரமும் என்று அது எப்போதோ முடிவான விஷயம். குழப்பமெல்லாம் அதற்கு முந்தின நாளைப் பற்றித்தான். வெளியூரில் இருப்பவர்கள் வந்து இறங்குகிற அந்த இரவு என்ன சமைப்பது? எனக்கு அதுதான் தீபாவளியைவிடப் பெரிய சாப்பாடு. களைத்து, நனைந்து, பசியோடு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் முதல் தட்டு அது.

எங்கள் வீட்டு நிலைமையைச் சொன்னால் உங்கள் வீட்டோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. தங்கச்சியும் மச்சானும் ஐந்து வயதுப் பிள்ளையும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். தம்பி கட்டாரிலிருந்து வந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வேனில் வருவான்; எத்தனை மணிக்கு வந்து சேர்வான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாயி, நான். மொத்தம் எட்டுப் பேர். அப்பாயிக்குப் பல் இல்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தம். பிள்ளைக்கு உறைப்பு ஆகாது. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இப்போது விரல் மூட்டெல்லாம் வலி, மா பிசைய ஏலாது. அதனால் நான்கு வருடமாக அடுப்படி என் பொறுப்பு. இந்த நான்கு வருடத்தில் எல்லாவற்றையும் ஒருமுறையாவது செய்து பார்த்துவிட்டேன். நல்லதும் கெட்டதும் அதிலிருந்து தெரிந்ததுதான்.

முதலில் சோற்றைப் பார்ப்போம். வசதி என்று பார்த்தால் சோற்றை அடிக்க எதுவும் இல்லை. பருப்பு, கருவாட்டுக் குழம்பு, கோவா வறை என்று பின்னேரமே செய்து மூடி வைத்துவிடலாம். கருவாட்டுக் குழம்பு ஆற ஆறத்தான் ருசி. கைக்குழந்தையோடு தனியாகச் சமைக்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சோற்றைத்தான் சொல்வேன். ஆனால் ஹட்டன் பக்கம் மழை பெய்கிற இரவில், வடித்த சோறு அரை மணி நேரத்தில் ஆறி விறைத்துவிடும். ஏழு மணிக்கு வருகிறவர்களுக்கு வடித்ததைப் பத்து மணிக்கு வருகிற தம்பிக்குப் போட்டால், அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டான். ஆனால் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே ஆறின சோறு என்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொன்று, கடலை, கௌப்பி, போஞ்சி விதை மாதிரி ஏதாவது சோற்றுக்குக் கறி வைக்க நினைத்தால் மேட்டு நிலத்தில் நேரத்தைக் கூடுதலாகக் கணக்குப் போட வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 100 பாகைக்குப் போவதே இல்லை. ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் இரண்டு பாகை கூட. கொதிக்கிறதே என்று பார்த்தால் சூடு குறைவு, அதனால் கடலை வேக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இரவே ஊறப்போட்டு பிரஷர் குக்கரில் வைத்தால்தான் சரி. மைசூர்ப் பருப்புக்கு இந்தக் கவலை இல்லை.

தோசை உண்மையில் ரொட்டிக்குப் பெரிய போட்டி. வருகிறவர்களுக்கு வர வர ஒவ்வொன்றாகச் சுட்டுக் கொடுக்கலாம், அப்பாயியும் மெல்லாமல் சாப்பிடுவார், பிள்ளையும் சீனி தொட்டுச் சாப்பிடும். ஆனால் மா புளிக்க வேண்டுமே! கொழும்பில் தங்கச்சி வீட்டில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பானை வழிகிறது. எங்கள் வீட்டில் ஐப்பசி கார்த்திகைக் குளிரில் ஒரு முழு நாள் வைத்தாலும் சில சமயம் அப்படியே கல்லு மாதிரி கிடக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு சுற்றி வைக்க வேண்டும், வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி வைக்க வேண்டும், ராத்திரி எழுந்து பார்க்க வேண்டும். ஒரு வருடம் அத்தனையும் செய்தேன், மா புளிக்கவில்லை. அன்றைக்குச் சுட்டதைத் தோசை என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. கண்டி, மாத்தளை, பதுளை டவுன் மாதிரி கொஞ்சம் இறக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. நீங்கள் தாராளமாகத் தோசைக்குப் போகலாம். மேலே இருக்கிறவர்கள் முக்கியமான நாளுக்குத் தோசையை நம்பாதீர்கள்.

பிட்டைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அது எனக்கு ஒரு குறைதான். அவித்த பிட்டில் தேங்காய்ப் பாலும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்து கொடுத்தால் அப்பாயியின் முகமே மலர்ந்துவிடும். வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிற வீடு என்றால் பிட்டுத்தான் முதல் இடம். ஆனால் எட்டுப் பேருக்கு அவிக்கத் தேங்காய் நிறைய வேண்டும், ஆறினால் உதிர்ந்து நெஞ்சை அடைக்கும். அதனால் எங்கள் வீட்டில் அது அடுத்த நாள் காலைக்குப் போய்விட்டது.

கடையில் கொத்து ரொட்டி பார்சல் கட்டி வாங்குவதையும் யோசித்திருக்கிறேன். தம்பிக்கு அது உயிர். இன்னொரு நாள் வாங்கிக் கொடுக்கலாம்.

ஆக, ரொட்டி. இது எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்து ஏங்குகிற சாப்பாடு என்பதால் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மற்ற எதிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. மா பிசைந்து வைத்துவிட்டால் யார் எப்போது வந்தாலும் பத்து நிமிடத்தில் சுடச்சுடத் தட்டுக்குப் போகும். கல்லுக்குப் பக்கத்தில் சூடு இருக்கும் என்பதால் வந்தவர்கள் முன்னறையில் உட்காராமல் நேராக அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் தட்டுவார், ஒருவர் திருப்புவார், அம்மா பலகையில் உட்கார்ந்து பதம் சொல்வார். சமைக்கிறவர் தனியாக மாட்டிக்கொண்டு, முன்னறையில் கேட்கும் சிரிப்புச் சத்தத்துக்கு ஏங்குகிற நிலைமை ரொட்டியில் இல்லை. குளிர் இரவில் அடுப்பைச் சுற்றி எட்டுப் பேர் இருப்பதற்காகவே நான் ரொட்டியை எடுப்பேன்.

சரி, ரொட்டி என்று முடிவானால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எந்த மா, எவ்வளவு தேங்காய், மெல்லிசா கனமா, விறகா கேஸா என்று அடுத்த கேள்விகள் வரும்.

மாவிலிருந்து தொடங்குகிறேன்.

கோதுமை மா நம் மண்ணில் விளைந்தது இல்லை. இந்தத் தீவில் கோதுமை விளைவதில்லை. தோட்டத்துச் சனங்களுக்கு முன்பு அரிசிதான் சாப்பாடு. இரண்டாம் உலகப் போரில், 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போன பிறகு அங்கிருந்து வந்த அரிசி நின்று, அரிசிக்குப் பங்கீடு வந்தது, கோதுமை மா சாப்பிடப் பழக வேண்டியதாயிற்று. பிறகு மா மலிவாகவும் அரிசி விலையாகவும் இருந்த காலங்களில் ரொட்டி நிலைத்துவிட்டது. அப்பாயி 1973, 74 பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அரிசியும் இல்லை, மாவும் இல்லை. தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அது. கிழங்கும் கீரையும் அவித்துச் சாப்பிட்டு நாளை ஓட்டியதாகச் சொல்வார். அப்புறம் 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை ஓடத் தொடங்கியது, மா மறுபடி தாராளமாகக் கிடைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோதுமை ரொட்டி உடம்புக்குக் கெடுதல், அதைத் தலைமுழுகுங்கள் என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். அப்பாயிக்கு அது கிடைக்காத காலமும் தெரியும், கிடைத்த காலமும் தெரியும். அந்தத் தட்டை அவர் முன்னால் வைக்கும்போது எனக்கு அதுவும் நினைவில் இருக்கும்.

வேலைக்கு எடுத்துப் பார்த்தாலும் கோதுமை மாதான் சுலபம். பச்சைத் தண்ணீரில் பிசைந்தாலே பிடிக்கும், கையால் தட்டினாலும் ஓரம் வெடிக்காது, புதிதாகச் செய்கிறவர்களுக்கும் கைகொடுக்கும். முழுக் கோதுமையை அரைத்த ஆட்டா மாவில் செய்தால் கொஞ்சம் கூடத் தண்ணீர் கேட்கும், மணம் வேறு மாதிரி. கெடுதல் இல்லை, ஆனால் எங்கள் வீட்டு ரொட்டி மாதிரி இருக்காது. சிவப்பரிசி மாவை வறுத்து, கொதிநீர் ஊற்றிப் பிசைந்து சுடுவது தனி ருசி. கல்லிலிருந்து எடுத்த உடனே சாப்பிட்டால் அதற்கு ஈடில்லை. கால் மணி நேரம் போனால் பலகை. வருகிறவர்களுக்கு நேரம் நிச்சயமில்லாத இரவில் அதைத் தொட மாட்டேன்.

குரக்கன்தான், அதாவது கேழ்வரகுதான், யோசிக்க வேண்டியது, ஏனென்றால் எங்கள் வீட்டில் அப்பா இருக்கிறார்.

கிளினிக்கில் சீனி கூடியிருக்கிறது என்று சொன்ன வருடம், நான் அப்பாவுக்கு மட்டும் தனியாகக் குரக்கன் ரொட்டி சுட்டேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். எல்லாருக்கும் வெள்ளை ரொட்டி, அப்பா தட்டில் மட்டும் கறுப்பு ரொட்டி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, பசி இல்லை என்று எழுந்து இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம், அவர் வெளியே குளிரில் இருக்கிறார். அன்றைக்கு எனக்கு விளங்கியது: பிள்ளைகள் எல்லாரும் வந்திருக்கிற இரவில் ஒருவருக்கு மட்டும் நோயாளித் தட்டு வைக்கக் கூடாது.

அடுத்த வருடத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே மா. இரண்டு பங்கு கோதுமை, ஒரு பங்கு குரக்கன். இந்த அளவில் ரொட்டி நன்றாகப் பிடிக்கும், குரக்கனின் வாசமும் வரும், கசப்புத் தெரியாது. பாதிக்குப் பாதி போடலாம். ஆனால் குரக்கனுக்குக் கோதுமையில் இருக்கும் இழுவை இல்லை, பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே வெடித்துப் பிரியும். பாதிக்கு மேல் போனால் நல்ல சூட்டு நீர் ஊற்றி, அகப்பையால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் பிசையுங்கள். முழுக் குரக்கனை எங்கள் வீட்டில் பிள்ளை தொடவே மாட்டாள்.

இதில் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதில் நார்ச்சத்தும் கல்சியமும் கூடுதல், அது உண்மை. ஆனால் அதுவும் மாச்சத்துத்தான், சீனியை ஏற்றத்தான் செய்யும். அப்பாவுக்குக் கணக்கு இரண்டு ரொட்டி, அதோடு நிறையப் பருப்பும் லீக்ஸ் வறையும். வயிறு நிறைந்துவிடும். மூன்றாவதை அவர் கேட்காமல் இருக்க, நானும் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்.

தேங்காய்க்கு வருவோம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா உயரத்தில் தென்னை காய்ப்பதில்லை. குருநாகல் பக்கத்திலிருந்து லொறியில் ஏறி வருகிற சாமான் அது. அதனால் தோட்டத்து வீடுகளில் தேங்காய் எப்போதும் எண்ணி வாங்குகிற பொருள்தான். அப்பாயி காலத்து அன்றாட ரொட்டி மாவும் உப்பும் தண்ணீரும் மட்டும். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி என்றால் வீட்டில் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டிப் போனபோது நாங்களும் பழையபடி தேங்காய் இல்லாத ரொட்டிக்குத் திரும்பினோம்.

எவ்வளவு போடலாம் என்றால், ஒரு கிலோ மாவுக்கு இரண்டு நடுத்தரத் தேங்காய் என்பது விருந்தாளி அளவு. ரொட்டி உதிர்ந்து, எண்ணெய்ப் பசையோடு, ஆறினாலும் அவ்வளவாக இறுகாமல் இருக்கும். ஒரு தேங்காய் என்பது நடுவாந்தரம். அதுவும் நன்றாகவே இருக்கும். மூன்று போட்டால் ரொட்டி தட்ட வராது, கல்லில் உடையும். சிலர் தேங்காயைக் குறைத்து மாஜரின் போடுகிறார்கள். ரொட்டி மெத்தென்று வரும்தான். ஆனால் தேங்காய்ப்பூ கல்லில் பட்டு அங்கங்கே சிவந்து கருகுகிற மணம்தானே இந்த ரொட்டி. மாஜரினில் அது வராது. காசு இடித்தால் தேங்காயை ஒன்றாகக் குறையுங்கள், வேறெதையும் அதன் இடத்தில் வைக்காதீர்கள். அம்மா ஒருமுறை நான் துருவுவதைப் பார்த்துவிட்டு, “என்னாத்துக்குப் புள்ள இம்புட்டுத் தேங்கா?” என்று கேட்டார். வருகிறது அவருடைய பிள்ளைகள்தான், ஆனாலும் அந்தக் கை எண்ணிப் பழகிய கை.

அடுத்தது, ரொட்டி எவ்வளவு கனம்? இதில்தான் நான் பெரிய தப்பு விட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்மா சுடுகிற ரொட்டி கனமானது, அரை விரல் தடிப்பு. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே அடர்த்தி. ஆறினால் பல்லுக்கு வேலை. நான் சமையலைப் பொறுப்பெடுத்ததும் முதல் காரியமாக இதைத் திருத்த நினைத்தேன். சூட்டு நீரில் பிசைந்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிசாகத் தட்டி, சுட்டதைத் துணியில் சுற்றி மூடி வைத்தேன். பஞ்சு மாதிரி வந்தது. தங்கச்சி ருசித்துச் சாப்பிட்டாள். தம்பியும் நல்லா இருக்கு என்றான். சாப்பிட்டு முடித்துத் தேத்தண்ணி குடிக்கும்போது, “அக்கா, அம்மா சுடுவாங்களே, அந்தக் கட்டி ரொட்டி, அது ஒண்ணு சுட ஏலாதா?” என்று கேட்டான்.

அம்மாதான் காரணம் சொன்னார். அவர் விடியற்காலை நாலரைக்கு எழுந்து சுடுவார். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்குப் போவதற்கு முன் எங்களுக்குக் காலைச் சாப்பாடும், பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுப்பதும், அவர் மலைக்கு எடுத்துப் போவதும் எல்லாம் அதே ரொட்டி. கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் மத்தியானம் வரை பையில் கிடக்க வேண்டும். நனையக் கூடாது, பிய்ந்து போகக் கூடாது, மேட்டில் ஏறி இறங்குகிற வயிற்றில் நேரத்துக்கு நிற்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கனம். மெல்லிசான ரொட்டி ஒன்பது மணிக்கே ஜீரணமாகிவிடும் என்றார்.

தம்பிக்கு அந்தக் காரணம் எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பள்ளிக்கூட இடைவேளையில் பிய்த்துச் சாப்பிட்ட கட்டி ரொட்டியும், பின்னேரம் வீட்டுக்கு வந்து மிச்ச ரொட்டியைச் சாயத் தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டதும். கட்டாரில் கேம்ப் சாப்பாட்டுக்கு நடுவில் அவன் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். நான் அதைத் திருத்தி மெதுவாக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே இதில் என் முடிவு தெளிவானது: யாருக்காகச் சுடுகிறீர்களோ அவர்கள் சின்ன வயதில் சாப்பிட்ட கனத்திலேயே சுடுங்கள். புதிதாக வீட்டுக்கு வந்த மருமகன், மருமகள், சின்னப் பிள்ளைகளுக்கு மெல்லிசாகத் தட்டலாம். மா ஒன்றுதான், தட்டுகிற கைதான் வேறு. அப்பாயிக்கு நான் கட்டி ரொட்டியையே பிய்த்து, சூடான தேங்காய்ப் பாலில் கொஞ்சம் சீனி போட்டு ஊறவைத்துக் கொடுக்கிறேன். ஐந்து நிமிடத்தில் குழைந்துவிடும். அவருக்குத் தனியாகப் பிட்டு அவிக்கிற வேலையும் மிச்சம், எல்லாரும் சாப்பிடுவதையே அவரும் சாப்பிடுகிறார்.

எட்டுப் பேருக்கு எங்கள் அளவு இது. மா எல்லாம் சேர்த்து ஒரு கிலோ, இரண்டு தேங்காய், மூன்று தேக்கரண்டி உப்பு, பொடியாக வெட்டிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் ஐந்தாறு. பிள்ளைக்கு உரியதை மிளகாய் போடுவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். முதலில் தண்ணீர் இல்லாமல் மாவையும் தேங்காய்ப்பூவையும் உப்பையும் கையால் நன்றாகப் பிசறுங்கள், தேங்காயின் ஈரம் மாவில் இறங்கட்டும். பிறகு உடைத்த தேங்காய்த் தண்ணியை ஊற்றி, போதாததற்கு வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மொத்தம் அரை லீட்டருக்குக் கிட்ட பிடிக்கும். கட்டி ரொட்டிக்கு மா கையில் ஒட்டாத பதத்தில் இருக்க வேண்டும், தளர்ந்துவிடக் கூடாது. அரை மணி நேரம் மூடி வையுங்கள். இருபத்து நான்கு உருண்டை வரும். வாழை இலை கிடைத்தால் அதில் எண்ணெய் தடவித் தட்டலாம். எங்கள் பக்கம் நல்ல வாழை இலை லேசில் கிடைக்காது, லஞ்ச் ஷீட்டில் தட்டிக் கைக்கு மாற்றிக் கல்லில் போடுவோம்.

கனமான ரொட்டி அவசரப்பட்டால் உள்ளே பச்சை மா நிற்கும். அடக்கமான சூட்டில் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடம் வேண்டும். ஒரு கல்லில் ஒவ்வொன்றாகச் சுட்டால் இருபத்து நான்கும் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். இரண்டு கல், ஒவ்வொன்றிலும் இரண்டு ரொட்டி என்றால் ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டில் ஒரு கல் கடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் லயத்தில் தீபாவளிக்கு முந்தின நாள் ரொட்டிக்கல் வீடு வீடாகப் போய்வரும்.

விறகா, கேஸா என்ற கேள்விக்கு நான் இன்னும் முழுதாக ஒரு பக்கம் சாயவில்லை. விறகென்றால் எங்களுக்கு மிலாறு, அதாவது தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய பிறகு கிடைக்கிற குச்சி. நன்றாகக் காய்ந்த மிலாறு சட்டென்று பற்றி, கடும் சூடு கொடுத்துத் தணலாகும். அந்தத் தணலில் கனமான இரும்புக் கல்லை வைத்துச் சுட்ட ரொட்டிக்கும், கடைசியில் ஒரு நிமிடம் தணலுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்து எடுத்த ரொட்டிக்கும் நிகர் இல்லை. 2022இல் கேஸ் சிலிண்டருக்கு டவுனில் நாள்கணக்கில் வரிசை நின்றபோது, மிலாறு அடுக்கி வைத்திருந்த வீடுகளில்தான் அடுப்பு எரிந்தது. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் புகை. லயத்துக் குசினியில் புகை போக வழி குறைவு. அம்மாவுக்கு இருக்கிற இருமல் அந்த அடுப்போடு வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். தங்கச்சியின் பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது. ஒரு வருடம் விறகு மூட்டிய பத்தாவது நிமிடம் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். எல்லாரும் அடுப்பைச் சுற்றி இருப்பதற்காக ரொட்டியை எடுத்துவிட்டு, ஒரு பிள்ளையை அங்கே இருக்க முடியாமல் செய்தால் என்ன பிரயோசனம்? அதனால் இப்போது சுடுவது கேஸில்தான், அதே பழைய இரும்புக் கல்லில். பாதிக்கும் மேலான ருசி அந்தக் கல்லில்தான் இருக்கிறது என்பது கேஸுக்கு மாறிய பிறகுதான் தெரிந்தது. ஒட்டாத மெல்லிய தாச்சியில் சுட்டுப் பார்த்தேன். நிறம் வருகிறது, மொறுமொறுப்பு வரவில்லை. வீட்டில் இழுப்புக்காரர் யாரும் இல்லை, குசினி காற்றோட்டமாக இருக்கிறது என்றால் விறகுக்குப் போங்கள். இல்லையென்றால் இரும்புக் கல்லுக்குச் செலவழியுங்கள்.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் எங்கள் வீட்டில் சண்டையே வரும், ஆனால் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. கட்டச்சம்பல் கட்டாயம்: செத்தல் மிளகாய், உப்பு, மாசிக் கருவாடு, சின்ன வெங்காயம், அம்மியில் இடித்துக் கடைசியில் தேசிப்புளி. மிக்சியில் அடித்தால் கூழாகிவிடும், வெங்காயம் கசக்கும். அம்மி இல்லாவிட்டால் உரலில் இடியுங்கள். ரொட்டியிலேயே தேங்காய் இருப்பதால் தேங்காய்ச் சம்பலை நான் விட்டுவிடுவேன். தேங்காய் போடாத ரொட்டி என்றால் அதுதான் முதலில் வர வேண்டும். அப்பாவுக்காகக் கெட்டிப் பருப்பும் லீக்ஸும். பிள்ளைக்குப் பட்டரும் சீனியும். கருவாட்டுக் குழம்பு வைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, ஆனால் அது வந்தால் கட்டச்சம்பலை யாரும் தொட மாட்டார்கள். இரண்டில் ஒன்று போதும்.

இனி நேரக் கணக்கு மட்டும்தான். கொழும்பு பஸ் அவிசாவளை, கித்துல்கல வழியாக ஏறி வரும். தங்கச்சிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், கினிகத்தேனை தாண்டும்போது ஒரு கோல் எடு என்று. அங்கிருந்து வளைவுகளில் சுற்றி ஹட்டனுக்கு வர ஒரு மணி நேரம் பிடிக்கும். கோல் வந்ததும் மாவைப் பிசறத் தொடங்குவேன். வட்டவளையில் பஸ் வரும்போது மா ஊறிக்கொண்டிருக்கும், சம்பல் இடித்து முடிந்திருக்கும். ஹட்டனில் இறங்கி ஓட்டோ பிடித்தார்கள் என்று தெரிந்ததும் கல்லை ஏற்றுவேன். தம்பிக்கு உரிய நான்கு உருண்டையை ஈரத் துணியில் மூடித் தனியாக எடுத்து வைத்துவிடுவேன், அவன் எத்தனை மணிக்கு வந்தாலும். அவற்றைத் தட்டுவது மட்டும் அம்மா. விரல் வலித்தாலும் அந்த நான்கையும் அவர்தான் தட்டுவார், என்னைத் தொட விட மாட்டார்.